கைபேசியும் கைச் சுத்தமும்

முதுமையில் பிறர் கையையே நம்பி வாழ்வோருக்கு அந்தக் கையே நோயைக் கொணருமாயின், அதனினும் பரிதாபம் வேறுண்டோ? 2020 பிப்ரவரியில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் கர்க்லண்ட் நகரத்து முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் கொரோனா நோய் வெளிப்பட்டது. மார்ச்சு 18-ஆம் தேதிக்குள் அவ்வில்லத்தைத் தொடர்ந்து 101 முதியோரும், 50 ஊழியரும், 16 பார்வையாளரும் பீடிக்கப்பட்டனர். நோய்க்குறி கண்ட பின்னும் ஊழியர் சிலர் பணி செய்ததும், சிலர் பல இல்லங்களில் வேலை பார்த்ததும், நோயைத் தாமதமாய் உணர்ந்ததும் காரணங்களென ஆராய்ந்தோர் கூறினர்.

இவ்விடத்தில் கைபேசி பேருதவி புரியக்கூடும். ஊழியர் வீட்டிலிருந்து புறப்படுமுன்னரே தம் உடல்நிலையை அதில் தெரிவிக்கலாம். முதியவரின் காய்ச்சலையும் இருமலையும் தாதியர் படுக்கையருகிலேயே பதியலாம். ஒரே கூடத்தில் மூவருக்குக் காய்ச்சல் என்ற செய்தி தனித்தனி ஏடுகளில் மறைந்து கிடக்கும். கைபேசியிலோ அன்றைக்கே தலைமைத் தாதியின் கண்ணிற் படும்.

ஆயினும், நோயென்று தெரிவிப்பவரின் சம்பளத்தைப் பிடித்தால் யார்தாம் உண்மை சொல்வர்? அன்றியும், கைபேசியே கிருமிகள் தங்கும் இடம். அதையும் அடிக்கடி துடைத்தல் வேண்டும். நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை சுத்தம் செய்க என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2009-இல் வெளியிட்ட விதிகளுள் ஒன்று. சோப்பும் நீரும் கொண்டு கழுவ 40 முதல் 60 விநாடிகள் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தை எந்த யந்திரமும் நமக்காகச் செய்து தராது. பெரியோரை இத்தகைய இல்லத்தில் சேர்க்கும் குடும்பத்தார், கைபேசி வசதியைப் பற்றி விசாரிப்பதோடு, நோயுற்ற ஊழியருக்குச் சம்பளத்துடன் ஓய்வு உண்டா என்றும் கேட்க வேண்டுமென்பதே நமது கருத்து.