சிவாவா நாய்க்குட்டி: முதல் நான்கு மாதப் பராமரிப்பு

மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பகுதிக் கிராமங்களிலிருந்து எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலைகளுக்கும், ராயபுரம் துறைமுகப் பகுதிக்கும் நாள்தோறும் வேலைக்குப் போய் வருபவர்கள் பலர். நெல்லும் கறவை மாடும் ஊரில், மாதச் சம்பளம் பட்டணத்தில் என்று வாழும் குடும்பங்கள் இவை. இத்தகைய வீடுகள் சிலவற்றில், பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டதற்காகப் பட்டணத்திலிருந்து ஒரு புதுவகை நாய்க்குட்டி வந்து சேர்கிறது. அதுதான் சிவாவா. மெக்சிகோ நாட்டில் உள்ள சிவாவா மாநிலத்தின் பெயரைக் கொண்ட இந்த இனம், உலகிலேயே மிகச் சிறிய நாய் இனமாகும். முழு வளர்ச்சி பெற்ற நாயே 3 கிலோவுக்கு மேல் இருப்பது குறைவு. எட்டு வாரக் குட்டியின் எடை அரைக் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் இடையில்தான் இருக்கும்.

நம் ஊர் நாட்டு நாய்க்குட்டி மிச்சம் மீதியைத் தின்று, திண்ணையில் படுத்து வளர்ந்துவிடும். அந்தப் பழக்கத்தில் சிவாவாக் குட்டியை வளர்த்தால் ஒரே வாரத்தில் இழக்க நேரிடும். நல்ல விலை கொடுத்து வாங்கிய குட்டி, வந்த மூன்றாம் நாள் காலையில் விறைத்துக் கிடந்தது என்று வருந்துவோர் உண்டு. இதற்குப் பெரும்பாலும் காரணம் தெரியாத நோய் அல்ல. ஒரு வேளைத் தீனி தவறியதும், இரவுக் குளிரும்தான்.

குதிர் இல்லாத வீடு

குதிரில் நெல் உள்ள வீட்டில் நான்கு நாள் வேலை இல்லாவிட்டாலும் அடுப்பு எரியும். அன்றாடம் அரிசி வாங்கும் வீட்டில் ஒரு நாள் கூலி தவறினாலும் பட்டினிதான். பெரிய நாய் முதல் வகை. சிவாவாக் குட்டி இரண்டாம் வகை. அதன் கல்லீரலில் சேமித்து வைக்கக்கூடிய சர்க்கரைச் சத்து மிகக் குறைவு. தசையும் கொழுப்பும் அற்பம். நான்கைந்து மணி நேரம் வயிறு காலியாக இருந்தாலே இரத்தத்தில் சர்க்கரை இறங்கத் தொடங்கலாம். உடல் சிறிதாக இருப்பதால் சூடும் விரைவில் வெளியேறுகிறது. இரண்டு முறை பேதியானாலே நீர்ச்சத்து வற்றிவிடும். எனவே இக்குட்டியின் பராமரிப்பில் நாள் கணக்கு உதவாது. மணிக் கணக்குத்தான் பார்க்க வேண்டும். கீழே சொல்லப்படும் எல்லா யோசனைகளுக்கும் இதுவே அடிப்படை.

வாங்கும்போது பல்லைப் பாருங்கள்

2017ம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆனால் குட்டி எவ்வளவு சிறியதோ அவ்வளவு விலை என்பதால், ஐந்து வாரக் குட்டியையே எட்டு வாரம் என்று சொல்லி விற்பதுண்டு. “டீ கப்” குட்டி என்று தனி இனம் எதுவும் கிடையாது. அப்பெயரில் வருவது வயது குறைந்த குட்டியாகவோ, வளர்ச்சி குன்றிய குட்டியாகவோ இருக்கலாம்.

மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லும் விவசாயிக்கு இங்கு ஏமாற்றம் வர வேண்டியதில்லை. நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் மூன்றாம் வாரம் முளைக்கத் தொடங்கி, பொதுவாக எட்டாம் வாரத்திற்குள் 28 பற்களும் வந்துவிடும். கோரைப் பல்லே சரியாக வெளிவராத குட்டியை வாங்காமல் தாயிடமே விட்டுவைப்பது நல்லது. கண் பீளை, மூக்கொழுகல், மலவாயில் ஈரக்கறை, உப்பிய வயிறு ஆகியவை உள்ள குட்டியையும் தவிர்க்க வேண்டும். தலை உச்சியில் எலும்பு கூடாத மென்மையான பள்ளம் இருப்பது இவ்வினத்தில் சாதாரணம். அது நோயல்ல, ஆனால் அவ்விடத்தில் அடி படாமல் காக்க வேண்டும்.

தீனி: கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை

மூன்று மாதம் முடியும் வரை நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு வேளை தீனி தர வேண்டும். பகலில் மூன்று, நான்கு மணிக்கு ஒரு முறையும், இரவு படுக்கப் போகும்போது ஒரு முறையும், விடியற்காலையில் எழுந்தவுடன் ஒரு முறையும் தரலாம். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய், பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீட்டிற்கு இக்குட்டி ஏற்றதல்ல. ஷிப்டு வேலைக்காரர் வீடானால் வேளைகளைப் பங்கிட்டு, தீனி வைத்த நேரத்தைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்ல முறை.

குட்டிகளுக்கென்று விற்கப்படும் உலர் தீவனமானால், 800 கிராம் எடையுள்ள குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 முதல் 50 கிராம் போதும். வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்துப் பிசைந்து, ஐந்தாறு பங்காக்கித் தர வேண்டும். வீட்டுத் தீனியானால் வேக வைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழிக்கறி இவற்றைக் குழைந்த சோற்றுடன் பிசைந்து தரலாம். ஆனால் வெறும் பால் சோறு மட்டும் போதாது. நாயின் பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் பசும்பாலில் உள்ளதைவிட மிக அதிகம். மேலும், பசும்பால் சில குட்டிகளுக்குப் பேதியை உண்டாக்கும். விற்றவர் கொடுத்து வந்த தீனி எதுவென்று கேட்டறிந்து முதல் வாரம் அதையே தந்து, பிறகு சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

காசிமேட்டு மீன் மலிவு என்று முள்ளோடு கொடுக்கக் கூடாது. கருவாட்டின் உப்பு ஆகாது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. ஒரு பெரிய நாய் தாங்கும் அளவு இக்குட்டியைக் கொன்றுவிடும்.

காய்கறிக் கடை மின் தராசில் வாரம் இரு முறை குட்டியை நிறுத்து எழுதி வையுங்கள். எடை கூடினால் எல்லாம் சரி. இரண்டு முறை தொடர்ந்து எடை கூடாவிட்டால், குட்டி துள்ளி விளையாடினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மயங்கிச் சாய்ந்தால்

சர்க்கரை இறங்கும்போது குட்டி சோர்ந்து ஒதுங்கும். நடை தள்ளாடும். பார்வை நிலைகுத்தும். காதும் பாதமும் சில்லிட்டுப் போகும். பிறகு நடுக்கமும் வலிப்பும் வரும். “தூங்கட்டும்” என்று விட்டுவிட்டால் குட்டி மீளாது. உடனே சிறிது தேன் அல்லது கெட்டியான சர்க்கரைக் கரைசலை விரலில் தொட்டு ஈறின் மேல் தடவ வேண்டும். நினைவு தப்பிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பின்போது பல்லுக்கிடையில் விரலை விட வேண்டாம். துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, போகும் வழியிலும் ஐந்து பத்து நிமிடத்திற்கு ஒரு முறை தடவியபடியே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தெளிந்து எழுந்து தின்றாலும் மருத்துவரிடம் காட்டாமல் இருக்கக் கூடாது. குடற்புழுவோ, பேதியோ, வேறு நோயோ பின்னணியில் இருக்கலாம்.

கதகதப்பு

கோழிக்குஞ்சுக்கு முதல் வாரம் செயற்கை வெப்பம் தருவது பண்ணை வைத்திருப்போர் அறிந்ததே. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். விலகி ஓடினால் சூடு மிகுதி. இதே கணக்குத்தான் இங்கும். அட்டைப் பெட்டியில் பழந்துணி விரித்து, வெந்நீர் நிரப்பி இறுக மூடிய புட்டியைத் துண்டில் சுற்றி ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். குளிர்ந்தால் குட்டி அதன் அருகே வரும். சூடானால் விலகிப் படுக்கும். மார்கழி, தை மாதக் கடற்காற்றிலும், மழைக் காலத்து ஈரத் தரையிலும் இது அவசியம். வெறும் சிமெண்டுத் தரையில் படுக்க விடலாகாது.

கோடையில் நிலைமை தலைகீழ். தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த வீடுகள் சித்திரை, வைகாசியில் அனலாகக் கொதிக்கும். நாய் மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்கிறது. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் அதுவும் சரிவரப் பலன் தராது. நண்பகலில் ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்க விட்டு, எட்டும் இடத்தில் குடிநீர் வைக்க வேண்டும்.

தடுப்பூசி முடியும் வரை தெரு வேண்டாம்

குட்டிகளைக் கொல்லும் நோய்களில் முதன்மையானது பார்வோ வைரஸ் கழிச்சல். 1978ல் உலகின் பல பகுதிகளில் புதிதாகத் தோன்றிய இந்நோயைப் பற்றி, இந்தியாவில் ஆரம்பக் குறிப்புகள் 1980களின் தொடக்கத்தில் சென்னைக் கால்நடை மருத்துவர்களிடமிருந்தே வந்தன. இன்றும் தடுப்பூசி போடாத குட்டிகளை இது தாக்குகிறது. வாந்தி, தீனி மறுத்தல், இரத்தம் கலந்து துர்நாற்றத்துடன் பேதி ஆகியவை அறிகுறிகள். சிவாவாக் குட்டியானால் ஒரு நாள் தாமதம்கூட உயிருக்கு உலை வைக்கும். நாட்டு வைத்தியம் செய்து பார்க்கும் நேரம் இதுவல்ல.

இவ்வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். செருப்பில் ஒட்டிக்கூட வீட்டிற்குள் வரும். பினாயில் இதைக் கொல்லாது. கடையில் விற்கும் குளோரின் பிளீச்சிங் திரவம் ஒரு பங்கிற்கு 30 பங்கு நீர் கலந்து, கழுவிய தரையில் பத்து நிமிடம் ஊற விட்டால் சாகும். குட்டியைத் தள்ளி வைத்துவிட்டு இதைச் செய்து, தரை உலர்ந்த பின்பே உள்ளே விட வேண்டும்.

சீம்பால் மூலம் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி, தடுப்பூசி சரிவர வேலை செய்ய விடாமல் தடுக்கும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒரு முறையாக, 16 வாரம் வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியுள்ளது. ஓர் ஊசியோடு நிறுத்திவிடுவது அரை வேலி போட்டது போலத்தான். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். எலி மிகுந்த இப்பகுதியில் எலிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே காத்திருப்பது நல்லது. சிறு நாய்களில் ஒவ்வாமை சற்று அதிகம்.

இரண்டாம் வாரத்திலிருந்து இரு வாரத்திற்கு ஒரு முறை எட்டாம் வாரம் வரையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் குடற்புழு மருந்து தர வேண்டும். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி இச்சிறு குட்டியைச் சில நாளில் வெளிறச் செய்துவிடும். உருண்டைப்புழு வீட்டுக் குழந்தைகளுக்கும் பரவும். ஆகவே குட்டியின் மலத்தை உடனுக்குடன் அகற்றிக் கை கழுவ வேண்டும்.

மாட்டு மருந்து ஆகாது

கால்நடை வைத்திருப்போர் செய்யக்கூடிய பெருந்தவறு இதுவே. மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்து வீட்டில் மீதமிருக்கும். குட்டியின் காதில் உண்ணியைக் கண்டதும் அதில் ஒரு துளி என்று எடுப்பார்கள். அமிட்ராஸ் கலந்த உண்ணி மருந்து சிவாவா இனத்திற்கே ஆகாது. 400 கிலோ மாட்டிற்கென்று தயாரான ஐவர்மெக்டின் ஊசி மருந்தை, ஒரு கிலோகூட இல்லாத குட்டிக்குக் கண்ணளவில் பிரித்துக் கொடுக்க இயலாது. மனிதர்க்குரிய காய்ச்சல், வலி மாத்திரைகளும் ஆபத்தானவை. கண்ணில் படும் உண்ணியை முள்வாங்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து இழுத்து அகற்றி, மருந்திற்குக் குட்டியை எடை போட்டு மருத்துவர் எழுதித் தரும் அளவையே பயன்படுத்த வேண்டும். எலி மருந்து, பூச்சி மருந்து, மருந்து கலந்த விதை ஆகியவை பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

வீட்டிற்குள் கவனிக்க வேண்டியவை

கட்டிலிலிருந்து குதித்தாலே முன்னங்கால் முறியலாம். குழந்தைகள் தரையில் உட்கார்ந்துதான் குட்டியை மடியில் வைக்க வேண்டும். கதவை வேகமாகச் சாத்துதல், இருட்டில் மிதித்தல், வண்டியைப் பின்னோக்கி எடுத்தல் ஆகியவற்றாலும் குட்டிகள் இறக்கின்றன. கழுத்துப் பட்டை மூச்சுக் குழலை அழுத்தும். மார்புப் பட்டையே ஏற்றது. மீன் காயும் இடங்களில் காகமும் பருந்தும் வட்டமிடும்; மாடியில் தனியே விடக் கூடாது. குட்டிதானே என்று கடியை அலட்சியம் செய்யவும் கூடாது. கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இப்பகுதிக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் எண்ணெய் கலந்து பரவியது. அதே மாதம் 26ம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மக்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அத்தகைய நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. மூடியுள்ள ஒரு கூடை, ஒரு நாள் தீனி, சர்க்கரைப் பொட்டலம், தடுப்பூசி அட்டை ஆகியவை ஒரே இடத்தில் தயாராக இருக்கட்டும். உடம்பில் எண்ணெய் பட்டால் மண்ணெண்ணெயால் துடைக்கக் கூடாது. நக்கவிடாமல் துணியில் சுற்றி, பாத்திரம் கழுவும் மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, நன்கு துவட்டி, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வடசென்னையில் உள்ளோர் 1903ல் தொடங்கிய, வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையையும், மற்றவர்கள் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையும் அணுகலாம். மாநகராட்சி எல்லைக்குள் வசிப்போர் நாய்க்கு உரிமமும் பெற வேண்டும்.

இரவு ஒரு வேளைத் தீனி, ஒரு புட்டி வெந்நீர், முறையான நான்கைந்து ஊசி. இவற்றிற்கு ஆகும் செலவு குட்டியின் விலையில் சிறு பகுதியே. இதைச் செய்ய வசதியும் ஆளும் உள்ள வீட்டில், முதல் நான்கு மாதம் கடந்த குட்டி பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கும் மேலாக வாழும். அதற்கு வாய்ப்பில்லாத வீட்டினர் வாங்காமல் இருப்பதே அக்குட்டிக்குச் செய்யும் நன்மையாகும்.