பழனி ரோட்டுல சைக்கிள் பயணம்: பையில என்ன, வேன்ல எப்படி, காத்து எந்தப் பக்கம்?

"ரெட்டியார்சத்திரத்துலருந்து பழனி என்ன, 45 கிலோமீட்டர் இருக்குமா? மூணு மணி நேரத்துல மிதிச்சுடலாம் மாப்ள!" என்றார் மச்சான். போன ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணிக்குக் கிளம்பினோம். அவர் முதுகில் ஒரு பெரிய பை. என் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய இன்னொரு பை. ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர்.

ஒட்டன்சத்திரத்தைத் தாண்டும்போதே மணி எட்டரை. மேற்கிலிருந்து அடித்த காற்று ஆளைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்தது. சத்திரப்பட்டி வருவதற்கு முன்னால் மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார். ஏதாவது கேட்டால் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறது. சைக்கிளை நிறுத்தச் சொல்லி ஒரு புளியமரத்தடியில் படுக்க வைத்து, துண்டை நனைத்து கழுத்திலும் அக்குளிலும் போட்டு, பக்கத்து டீக்கடையில் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது. பழனியும் இல்லை, பஞ்சாமிர்தமும் இல்லை. ஒரு குட்டியானையைப் பிடித்து, ரெண்டு சைக்கிளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கப்போட்டு ஊர் திரும்பினோம். இறக்கிப் பார்த்தால் என் சைக்கிளின் கியர் ஹேங்கர் வளைந்து கிடக்கிறது!

ஒரே நாளில் மூணு தப்பு. காற்றைப் பார்க்காமல் கிளம்பியது, பாரத்தை முதுகில் ஏற்றியது, சைக்கிளை வண்டியில் ஏற்றத் தெரியாமல் ஏற்றியது. சைக்கிளில் நெடுந்தூரம் போகும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. அவர்களுக்காக, பட்டுத் தெரிந்துகொண்டதையும் அதற்கப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

காத்து எந்தப் பக்கம்?

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லலை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகப் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பழனி என்று கிழக்கே அடித்துக்கொண்டு வருகிறது. உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ரெட்டியார்சத்திரத்திலிருந்து பழனிக்குப் போகிறவர் அந்தக் காற்றின் வாய்க்கு நேராகப் போகிறார்.

கணக்கு இப்படி: நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிர்க்காற்றின் வேகம் 20 என்றால், உடம்பு மோதுவது 35 கிலோமீட்டர் வேகக் காற்றில். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதாவது காற்று இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. மேடு ஏறினால் அடுத்து இறக்கம் வரும். எதிர்க்காற்றுக்கு அந்தக் கருணையெல்லாம் கிடையாது.

இதற்கு வழி ரொம்ப எளிது. ஆடி, ஆவணியில் பழனிக்கு சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். சாமி கும்பிட்டுவிட்டு, திரும்பும்போது மிதியுங்கள். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வரும். நாங்கள் அடுத்த மாதமே அப்படிச் செய்தோம். அதே மச்சான், அதே சைக்கிள், ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கதை பேசியபடி வந்தார்.

மிதிப்பதற்கு நல்ல காலம் மார்கழி, தை. ஆனால் தைப்பூசத்தை ஒட்டி இந்தச் சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். ராத்திரியும் விடியற்காலையும் சாரை சாரையாக நடப்பார்கள். அந்த நாட்களில் ஓரத்தில் வேகமாக ஓட்டாதீர்கள், மணி அடித்துக்கொண்டே போங்கள். பின்னால் சிவப்பு விளக்கு, பையில் ஒளிரும் ஸ்டிக்கர், இரண்டும் கட்டாயம்.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? திண்டுக்கல்லிலிருந்து மேற்கே போனால் ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று வரிசையாக சத்திரங்கள். நடந்தும் மாட்டுவண்டியிலும் போனவர்கள் தங்கி இளைப்பாறிய இடங்களின் பெயர் ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. காரில் போகிறவருக்கு இந்தப் பெயர்கள் வெறும் பலகை. சைக்கிளில் போகிறவருக்கு அவை இன்னைக்கும் சரியான இடைவெளியில் இருக்கிற நிறுத்தங்கள்.

பால்காரரைப் பாருங்க

பாரத்தை எப்படி ஏற்றுவது என்பதற்கு வெளிநாட்டு வீடியோ எதுவும் பார்க்க வேண்டாம். பால் கேன் கட்டிய சைக்கிள் ஒன்றைப் பார்த்தால் போதும். இரண்டு பக்கமும் சமமாக, சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில், தாழ்வாகத் தொங்கும். அவ்வளவு பாரத்தோடு வரப்பில்கூட ஆடாமல் போவதன் ரகசியம் அதுதான். டூரிங்காரர்கள் 'பேனியர்' என்று சொல்லி விலைகொடுத்து வாங்கும் பக்கவாட்டுப் பையும் இதே கதைதான்.

முதுகுப் பை வேண்டவே வேண்டாம். முதுகு வியர்வை காயாது, தோள் வலிக்கும், பாரம் முழுக்க உட்காரும் இடத்தில் இறங்கும். மச்சானுக்கு அன்று தலைசுற்றியதில் அந்தப் பைக்கும் பங்கு உண்டு. இரண்டு பக்கப் பை, ஹேண்டில்பாரில் ஒரு சின்னப் பை. மூன்று நாள் பயணம் என்றாலும் மொத்தம் 8 முதல் 10 கிலோவுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். பேனியர் வாங்கக் காசில்லையா, கெட்டியான ரெண்டு துணிப்பையைக் கேரியரின் இரு பக்கமும் கட்டலாம். கயிற்று நுனியோ பை வாரோ போக்ஸ் கம்பிக்குள் போகாதபடி முடிந்துவிட வேண்டும். ஓடும்போது சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். லுங்கி கட்டி ஓட்டுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை!

எந்த சைக்கிள் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில், வீட்டில் இருக்கிற சைக்கிள். பழைய காலத்து கறுப்பு சைக்கிள் 20 கிலோவைத் தொடும், கியர் இருக்காது. ஆனால் அதன் 28-க்கு ஒன்றரை அளவு டியூப் எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும், வால்டியூப் போனால் சில்லறைக் காசு. புதிதாக வரும் ஹைபிரிட் சைக்கிள் லேசானது, ஆனால் அதன் 700 அளவு டியூப் நம்ம ரோட்டோரக் கடைகளில் கிடைப்பது அபூர்வம். அதனால் இரண்டு உபரி டியூப் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் டியூபின் மவுத்து ஒல்லியான பிரெஸ்டா வகையா என்று இப்போதே பாருங்கள். அப்படியென்றால் பைக் பஞ்சர் கடைக் காற்றுக்குழாய் அதில் பொருந்தாது. விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி மவுத்திலேயே மாட்டி வைத்துவிடுங்கள். கம்ப்ரெஸரில் பிடிக்கும்போது டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் அளவைத் தாண்டக் கூடாது, 'இன்னும் கொஞ்சம்' என்று நின்றால் வெடிச்சத்தம்தான் கேட்கும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கடையில் விட்டு சக்கரக் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை பார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள். முந்தின நாள் ராத்திரி ஓவராயில் பண்ணிவிட்டுக் காலையில் நூறு கிலோமீட்டர் போகாதீர்கள். சரியாக முறுக்காத ஏதாவது ஒரு நட்டு வழியில்தான் தன் இருப்பைச் சொல்லும். சீட் உயரத்துக்கு ஒரு சுலபமான அளவு: சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தாழ்வாக வைத்து ஓட்டினால் முழங்கால் வலி நிச்சயம்.

இந்தப் பக்கத்தின் நிரந்தரப் பகையாளி முள். சீமைக்கருவேல முள் டயரையே துளைக்கும். நெருஞ்சி முள் மூன்று நான்கு சேர்ந்து குத்தும். அமெரிக்காவில் நெருஞ்சிக்கு 'பஞ்சர் கொடி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவே படுக்க வைப்பது நம்ம ஊர் வைத்தியம். கொஞ்சம் கனம் கூடும், ஆனால் பாதி பஞ்சர் குறையும். பஞ்சர் ஒட்டியதும் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். முள்ளின் நுனி அங்கேயே இருந்தால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி உட்காரவேண்டும். வெறும் விரலால் தடவினால் விரலுக்கும் பஞ்சர்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. வெயிலில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை வேண்டும். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. மோர், உப்புப் போட்ட எலுமிச்சை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், இளநீர், எது கிடைக்கிறதோ அது. தலைவலி, குமட்டல், கால் இழுப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போங்கள். பேச்சு குழறினாலோ, ஆள் நிதானம் இழந்தாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெயில் தாக்கு. உடம்பை நனைத்துக்கொண்டே 108-க்குப் போன் போடுங்கள். எங்களுக்கு அன்று தப்பியது அதிர்ஷ்டம். நான் அப்போதே 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். திண்டுக்கல் பிரியாணியைப் பொறுத்தவரை என் கருத்து: சைக்கிளைப் பூட்டிய பிறகு சாப்பிடவேண்டிய பொருள் அது.

வண்டியில ஏத்துறது ஒரு கலை

வேனில் ஏற்றினால் சைக்கிளை நிற்க வைத்துக் கட்டுங்கள். படுக்க வைத்தே ஆகவேண்டும் என்றால் செயின் இருக்கும் பக்கம் மேலே வரட்டும். இரண்டு சைக்கிள் என்றால் ஒன்றின் பெடல் மற்றதன் கம்பிக்குள் போகும், நடுவில் சாக்கோ பழைய போர்வையோ வையுங்கள். கியர் சைக்கிளின் பின்பக்க கியர் மாற்றி ஒரே ஒரு போல்ட்டில், ஹேங்கர் என்ற சின்னத் துண்டில் தொங்குகிறது. பிரேம் வளைவதற்குப் பதில் தான் வளைந்துகொள்ளும்படி வேண்டுமென்றே மெலிதாகச் செய்த துண்டு அது. நீண்ட தூரம் வண்டியில் போகிறது என்றால் அந்த போல்ட்டைக் கழற்றி, கியர் மாற்றியைத் துணியில் சுற்றி, பிரேமுக்கு உள்பக்கமாகக் கட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தும் உபரி ஹேங்கர் ஒன்றும் பையில் இருக்கட்டும், ஒவ்வொரு மாடலுக்கும் அது வேறு வேறு.

ஆம்னி பஸ் டிக்கியில் வைக்க இரண்டு சக்கரத்தையும் கழற்றினால் இடம் சுருங்கும், நடத்துநரின் முகமும் மலரும். பெடல் கழற்றும்போது நிறையப் பேர் தவிப்பது இடது பெடலில். அதற்கு மறை தலைகீழாக இருக்கும். ஸ்பேனரைப் பெடல் அச்சின் மேல்பக்கமாகப் பிடித்து, பின்சக்கரத்தைப் பார்க்கத் திருப்பினால் இரண்டு பக்கமும் கழலும் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக் இருந்தால் சக்கரம் கழற்றிய பிறகு பிரேக் கட்டைகளுக்கு நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகுங்கள். தவறுதலாக பிரேக்கைப் பிடித்துவிட்டால் கட்டைகள் ஒட்டிக்கொண்டு சக்கரம் உள்ளே போகாது.

ரயிலில் சைக்கிளைப் பெட்டிக்குள் கொண்டுபோக முடியாது, லக்கேஜாகப் பதிந்து பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். டிக்கெட்டுக்குக் கிடைக்கும் இலவச லக்கேஜ் எடையில் சைக்கிள் சேராது, தனிக் கட்டணம் உண்டு. ரயில் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பாவது லக்கேஜ் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு மணி நேரம் முன்பு போவது புத்திசாலித்தனம். எல்லா ரயிலும், எல்லா நிலையமும் ஏற்காது. ஓரிரு நிமிடம் மட்டும் நிற்கும் நிலையத்தில் இறக்க நேரமிருக்காது என்று மறுத்துவிடுவார்கள். ஆகவே திண்டுக்கல் சந்திப்பு மாதிரியான பெரிய நிலையங்களுக்கு இடையே திட்டமிடுங்கள். கோணிச் சாக்கு சுற்றி, பெயர், போன் நம்பர், போகும் ஊர் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள். விளக்கு, பம்ப், பாட்டில் எதையும் சைக்கிளோடு விட்டுவிடாதீர்கள்.

காருக்குப் பின்னால் மாட்டும் ரேக் வாங்கினால், சைக்கிள் தொங்கும்போது நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறைகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாரை இறுக்கி 10 கிலோமீட்டர் போனதும் ஒருதடவை நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், முதல் ஓட்டத்தில் கட்டாயம் தளரும்.

முதல் தடவை எங்கே போகலாம்?

எடுத்ததும் மலை வேண்டாம். கோபிநாத சுவாமி மலைக்கோயில் அடிவாரம் வரை போய் வந்தாலே ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். அடுத்தது கன்னிவாடி, அல்லது செம்பட்டி வழியாக ஆத்தூர் காமராஜர் அணை. தண்ணீரும் மலையும் சேர்ந்து நிற்கும் அந்த இடத்தில் வியர்வை காயும் வரை உட்காரலாம். நாலுவழிச் சாலையைத் தவிருங்கள், எதிர்த்திசையில் வரும் டூவீலர்கள் அங்கே சைக்கிள்காரருக்குப் பெரிய ஆபத்து.

சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஆசைப்பட்டால் கியர் சைக்கிள் வேண்டும். முன்னால் 30 பல், பின்னால் 32 அல்லது 34 பல் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறலாம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். தருமத்துப்பட்டியிலிருந்து ஆடலூர், பன்றிமலை ஏறும் சாலை அழகில் இதற்குக் குறைந்ததில்லை. ஆனால் யானையும் காட்டுமாடும் நடமாடும் பகுதி, கிளம்புவதற்கு முன் ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, மாலை நான்கு மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும்.

வர்ற ஆடிக்கு மச்சான் ஏற்கெனவே வேன் பேசிவிட்டார். இந்தத் தடவை கோணிச் சாக்கு நாலு, கயிறு ரெண்டு கட்டு, உப்புப் பொட்டலம் ஒன்று, எல்லாம் அவரே எடுத்து வைத்திருக்கிறார். முதுகுப் பையை மட்டும் இன்னும் விடமாட்டேன் என்கிறார்.