கைமாறி வந்த கம்பள யந்திரம்

ஒருவர் பயன்படுத்திக் கைவிட்ட கம்பளத் துப்புரவு யந்திரத்தை விலைக்கு வாங்கப் போகிறவர்கள் சாதாரணமாக அதன் பிளக்கைச் சொருகி, மோட்டாரின் ஓசையைக் கேட்டு, நன்றாகத்தான் ஓடுகிறது என்று திருப்தியடைந்து பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, பிளக்கைப் பிடுங்கிவிட்டு யந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் அடிப்புறத்தைப் பார்ப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் இவ்வகை யந்திரங்களின் வியாதிகள் மோட்டாரில் வெளிப்பட்டாலும் மோட்டாரில் பிறப்பது குறைவு. பிரஷ்ஷில் பிறந்து, பெல்ட் வழியாக ஏறி, கடைசியில்தான் அவை மோட்டாரைச் சேருகின்றன.

நான் இங்கே கருதுவது, தொட்டியிலிருந்து தண்ணீர் தெளிக்க, இரண்டு உருளைப் பிரஷ்கள் எதிரெதிர்த் திசைகளில் சுழலும் யந்திரத்தை. இழைகள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும் கம்பளத்திற்காகவே அது ஏற்பட்டது. பவானி ஜமக்காளத்தில் அதற்கு வேலையில்லை; தட்டையாக நெய்த அந்த விரிப்பை நாலு உதறு உதறி வெயிலில் போட்டால் போதும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தைச் சேர்ந்த டால்டன் என்ற ஊரின் பக்கத்திலே, 1895ஆம் ஆண்டில் காதரின் எவன்ஸ் என்ற பெண் துணியில் நூலைக் கையால் குத்தி நிறுத்திச் செய்த படுக்கை விரிப்பிலிருந்து ஒரு குடிசைத் தொழில் கிளைத்து, பிற்காலத்தில் அதே முறை யந்திரத்திற்கு மாறி, நைலான் கம்பளமாக விரிந்து, உலகத்தின் ஓட்டல்களையும் மாநாட்டு மண்டபங்களையும் சுவருக்குச் சுவர் மூடலாயிற்று. இத்தகைய கம்பளத்தில் மணல் இழைகளின் அடிவரை இறங்கிவிடுகிறது. மணலிலுள்ள குவார்ட்ஸ் நைலானைக் காட்டிலும் மிகக் கடினமானது. மிதிபடும்போதெல்லாம் அது இழையைக் கீறி மினுமினுப்பைக் கெடுக்கிறது.

காற்றால் உறிஞ்சினால் மட்டும் போதாதா என்று கேட்கலாம். 1901ஆம் ஆண்டில் லண்டன் பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத் அப்படித்தான் தொடங்கினார். குதிரைகள் இழுத்துவந்த பெரிய பம்பைத் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாயை ஜன்னல் வழியே உள்ளே செலுத்தி வீடுகளின் தூசியை இழுத்தார். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவை ஒட்டி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கம்பளங்களைச் சுத்தம் செய்த பெருமையும் அவருடைய யந்திரத்திற்கு உண்டு. ஆனால் ஒஹையோ மாகாணத்துக் காண்டன் நகரில், ஆஸ்த்மாவோடு துடைப்பமும் தூசியுமாகக் காலந்தள்ளிய ஜேம்ஸ் மர்ரி ஸ்பாங்க்லர் என்ற துப்புரவுத் தொழிலாளி, மின் விசிறியோடும் தலையணை உறையோடும் நில்லாமல் சுழலும் பிரஷ் ஒன்றையும் சேர்த்து 1908ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இழையோடு ஒட்டிக்கொண்ட மண்ணை முதலில் கிளப்பிவிட வேண்டும், பிறகுதான் காற்று அதைத் தூக்கிச் செல்லும் என்ற விஷயம், கூட்டிப் பெருக்கிப் பழகிய அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

ஒற்றைப் பிரஷ் யந்திரத்தைக் கம்பளத்தின்மேல் ஓட்டினால் அது தானாகவே முன்னோக்கிப் பாய முயலும். பிரஷ் கம்பளத்தைப் பின்னால் தள்ளுகிற விசைக்குச் சமமான விசையோடு கம்பளம் யந்திரத்தை முன்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே கைப்பிடி வழியாக நம் தோளுக்கு வந்து சேருகிறது. இரண்டு பிரஷ்கள் எதிரெதிராகச் சுழன்றால் இவ்விரு தள்ளுதல்களும் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடுவதால் யந்திரம் ஓட்டுகிறவரின் இஷ்டத்துக்கு நகர்கிறது. இழைகளும் இரு பக்கமும் சீவப்பட்டு நிமிர்கின்றன. ஆகையால் பழைய யந்திரம் ஒன்று பிடித்து நிறுத்த முடியாமல் முன்னால் ஓடினாலும், பின்வாங்கிக் காலில் முட்டினாலும், இரண்டு பிரஷ்களில் ஒன்று தன் பங்கைச் செய்யவில்லை என்றே கொள்ளவேண்டும். அதன் முடிகள் தேய்ந்து குட்டையாகியிருக்கலாம், அல்லது அதை ஓட்டும் பெல்ட் நழுவலாம். சாதாரண அளவுகோலை வைத்து இரண்டிலும் முடியின் நீளத்தைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். தேய்மானம் அதிகமில்லாமல் முடிகள் ஒரே பக்கம் சாய்ந்து மட்டும் போயிருந்தால், பிரஷ்களின் அமைப்பு இடம்கொடுக்குமானால், முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக மாற்றிப் போடலாம். சுழலும் திசை அதனால் தலைமாறி, சாய்ந்த முடி எதிர்ப்பக்கம் வளைந்து ஓரளவு நிமிரும். தேய்ந்த பிரஷ்ஷை ஈடுசெய்வதாக எண்ணி யந்திரத்தை அளவுக்கு மீறித் தாழ்த்துகிறவர்கள் முடியை மடக்கி அதன் விலாவால் தேய்க்கிறார்களே ஒழிய, சுத்தம் செய்கிற நுனிக்கு வேலை கொடுப்பதில்லை.

இனி, பிரஷ்ஷின் முனையிலுள்ள மூடியைக் கழற்றிப் பார்க்கவேண்டும். எதிர்பாராதவர்களுக்கு அங்கே காத்திருப்பது அருவருப்பான காட்சி. தலைமயிரும் கம்பள நூலும் பின்னிப் பிணைந்து, சோப்பும் தூசியும் ஊறிக் கெட்டித்து, உராய்வின் சூட்டில் பழுப்பேறி, அச்சை இறுகக் கவ்விய வளையமாக இருக்கும். கத்தியை வைத்தால் மாட்டுக் கொம்பைச் சீவுவதுபோல் சுருள் சுருளாக வரும். சுற்றிச் சுற்றி உரிக்க முயல்வது வீண். தையல் பிரிக்கும் சிறு கத்தியால் அச்சின் நீளவாக்கில் ஒரே கோடாக அறுத்தால் வளையம் இரண்டாகப் பிளந்து கழன்றுவிடும். பேரிங்கின் இடுக்கில் புகுந்த மயிரை மூக்குக் குறடால் இழுத்துவிட்டு, உருளையைக் கையால் சுற்றிப் பார்க்க, ஓசையின்றிச் சுழன்றால் சரி. கரகரவென்றால் பேரிங்கை மாற்றுவதே வழி. அதன் முகத்தில் பொறித்த எண்ணைக் கடையில் சொன்னால் போதும்: 608 என்றிருந்தால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர், எந்தத் தேசத்தில் செய்ததாயினும்.

இந்தச் சிறு மயிர் வளையம் மோட்டாரை எப்படிக் கொல்கிறது என்பதுதான் சுவாரசியமான விஷயம். மோட்டார் சுழலும்போது அதன் கம்பிச்சுருளிலேயே ஒரு எதிர் மின்னியக்கு விசை உண்டாகி, உள்ளே வரும் மின்னோட்டத்தை அடக்கிவைக்கிறது. வேகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பலமானது அந்த அடக்குமுறை. பிரஷ் இறுகி மோட்டாரின் வேகம் குறைந்தால் காவல் தளர்ந்து மின்னோட்டம் பெருகுகிறது. கம்பியில் உண்டாகும் உஷ்ணமோ மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்வதால், ஓட்டம் இருமடங்கானால் சூடு நான்கு மடங்காகிறது. கம்பியின்மேல் பூசிய வார்னிஷ் கருகி, சுற்றுக்கள் ஒன்றையொன்று தொட்டு, மோட்டார் எரிந்துபோகிறது. அடிக்கடி தானே நின்றுவிட்டு, ஆறியபின் மறுபடி ஓடும் யந்திரத்தில் குற்றவாளி பெரும்பாலும் சூட்டுக் காப்பு ஸ்விட்ச் அல்ல. அது தன் கடமையைச் செய்கிறது. அதைத் துண்டித்து நேர் இணைப்புக் கொடுக்கும் மெக்கானிக்குகள் உண்டு. அவர்களிடமிருந்து யந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்வது நல்லது.

மோட்டார் ஓடியும் பிரஷ் சுழலவில்லையென்றால் பெல்ட்டைச் சந்தேகிக்கலாம். பல்லுள்ள பெல்ட்டில் பற்கள் உதிர்ந்திருந்தால் டக் டக் என்ற சத்தமும், தட்டைப் பெல்ட் நழுவினால் ரப்பர் தீயும் நாற்றமும் வரும். வேலையே செய்யாமல் மூலையில் கிடந்த யந்திரத்திலும் ரப்பர் வெடித்திருப்பதைக் கண்டு பலர் ஆச்சரியப்படுகிறார்கள். இழுபட்ட நிலையிலுள்ள ரப்பரைக் காற்றிலுள்ள சிறிதளவு ஓசோனே வெடிக்கச் செய்யும்.

கார்பன் வைத்த மோட்டாரானால் அந்தக் கார்பன்களையும் கழற்றிப் பார்க்கவேண்டும். கார்பன்கள் உரசும் கம்யூட்டேட்டரின் செம்பு இளம் சாக்லெட் நிறத்தில் சீராக இருந்தால் அது அழுக்கு அல்ல, ஆரோக்கியத்தின் அடையாளம். அந்த மெல்லிய படலம்தான் கார்பனை வழுக்கிச் செல்லவிடுகிறது. பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் கொண்டு தேய்க்கிறவர்கள் அதை அழித்துவிடுகிறார்கள். சிறு நீலப்பொறி இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமே ஓடினால் மோட்டாரின் சுழலும் சுருளான ஆர்மேச்சரில் கோளாறு. கார்பனே இல்லாத மற்றொரு வகை மோட்டார் உறுமிக்கொண்டு சுழலாமல் நின்றால், பிரஷ்ஷில் தடையில்லை என்று தெரிந்தபின், கண்டென்சரைச் சோதிக்கலாம். பிளக்கைப் பிடுங்கியபிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடுமாகையால், பழக்கமில்லாதவர் அதைத் தொடாதிருப்பதே விவேகம். தண்ணீரும் மின்சாரமும் ஒரே வண்டியில் பயணம் செய்யும் யந்திரத்தில் எர்த் கம்பி அறுந்திருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடவேண்டும்.

தண்ணீர் தெளிக்கும் மூக்கு அடைபட்டிருந்தால் உப்புத் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவே காரணம். வினிகரில் ஊறவைத்தால் குமிழிவிட்டுக் கரைந்துபோகும். குண்டூசியால் குத்தினால் துளை பெரிதாகித் தெளிப்பு கோணலாகிவிடும். வேலை முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து, பிரஷ்களைக் கழற்றிக் காயவைப்பது அவசியம். நைலான் தண்ணீரை உறிஞ்சி இளகும் தன்மையுள்ளது. ஈரத்தோடு யந்திரத்தின் பாரத்தைத் தாங்கி நின்ற முடி அப்படியே மடிந்து உலர்ந்துவிடும்.

ஆர்மேச்சர் கருகிய யந்திரத்தை மட்டும் நான் வாங்கச் சொல்லமாட்டேன். அதே மாதிரி யந்திரம் ஏற்கெனவே கையில் இருந்து, விற்பவர் பழைய இரும்பு விலைக்குத் தருவாரானால், அப்போது யோசிக்கலாம்: பிரஷ்கள், சக்கரங்கள், தொட்டி, கைப்பிடி எல்லாம் உதிரிப் பாகங்களாகப் பயன்படும்.