ஆற்றங்கரைக் குடிசையில் இரு நண்பர்கள்

பின்லாந்து நாட்டில் ஏறத்தாழ 188,000 ஏரிகள் இருக்கின்றன. கோடை இல்லங்களோ ஐந்து இலட்சத்திற்கும் அதிகம். ஆண்டிற்கு ஒருமுறை பழைய நண்பனோடு ஏரிக்கரைக் குடிலொன்றிற்குச் சென்று, மீன் பிடித்து, விறகு பிளந்து, சில நாட்களைக் கழித்துத் திரும்புவது அத்தகைய குளிர் நாடுகளில் பலரும் போற்றிக் காக்கும் வழக்கம். பணியில் களைத்துத் திரும்பிய சீடரைத் தனிமையான இடத்தில் இளைப்பாற வருமாறு அழைத்து, ஆண்டவர் இயேசுவும் கலிலேயாவிலே படகேறினார் என மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. கடல் என்று நாம் அழைத்தாலும் அது நன்னீர் ஏரியே. மக்கள் கூட்டம் கரைவழியே ஓடி முந்திக்கொண்டதால் அன்று அவர்களுக்கு ஓய்வு கிட்டவில்லை என்பது வேறு கதை!

திருச்சபை வரலாற்றிலும் இத்தகைய குடிசை ஒன்று உண்டு. புனித பசிலியாரும், நசியான்சு நகரப் புனித கிரகோரியாரும் ஏதென்ஸ் நகரில் ஒன்றாகக் கல்வி பயின்றவர்கள். கற்று முடிந்ததும் துறவு வாழ்வில் இணைந்திருப்போம் என இருவரும் உறுதி கூறியிருந்தனர். கிரகோரியாரோ முதிய பெற்றோரை விட்டுப் பிரிய இயலாதவராயிருந்தார். பசிலியார் 358ஆம் ஆண்டளவில், இன்று துருக்கி நாட்டில் அடங்கும் பொந்து மாநிலத்தில், ஐரிசு ஆற்றின் கரையில் தனித்துக் குடியேறினார். அடர்ந்த காடு, உயர்ந்த மலை, மீன் நிறைந்த ஆறு, எல்லாவற்றிற்கும் மேலாக அமைதி என அவ்விடத்தை வருணித்து நண்பருக்கு மடல் எழுதினார்.

கிரகோரியார் வந்தார், தங்கினார், திரும்பிச் சென்று எழுதிய மடல்களில் அவ்விடத்தைக் கேலி செய்து தீர்த்துவிட்டார். தவக்கூடம் என்று பெருமையோடு நீர் அழைப்பது ஓர் எலி வளை என்றார். புகைபோக்கியின் வழியே பார்ப்பதுபோலத்தான் சூரியன் தெரிகிறது, ஆற்றில் மீனைவிடக் கல்லே அதிகம், குடிசைக்குக் கூரையுமில்லை, கதவுமில்லை, தோட்டத்தில் காய்கறியில்லை. அங்கு உண்ட அப்பத்தில் பல் வழுக்கியதையும், மலைபோன்ற வண்டியை இருவரும் தம் கழுத்தாலும் கையாலும் இழுத்ததையும் அவர் மறக்கவில்லை. பசிலியாரின் அன்னை எமிலியா அம்மையார் உணவோடு உதவிக்கு வந்திராவிடில் பட்டினியால் மாண்டிருப்போம் என்றும் எழுதினார். துறவியர் வாழ்வு எப்போதும் முகம் சுளித்தபடியே கழியும் என எண்ணுவோர் இம்மடல்களை ஒருமுறை படிக்கவேண்டும்.

அடுத்த மடலின் தொனியே வேறு. முன்னர் எழுதியது விளையாட்டு, இப்போது எழுதுவது உண்மை எனத் தொடங்கி, சேர்ந்து பாடிய திருப்பாடல்களையும், இரவு விழிப்புகளையும், விறகு சுமந்ததையும், கல் உடைத்ததையும், தாம் நட்டு நண்பர் நீரூற்றிய மரத்தையும் நினைந்து ஏங்கினார்.

பின்னர் வந்ததே சோதனை. பசிலியார் 370இல் செசரியாவின் ஆயரானார். பேரரசர் வாலன்சு மாநிலத்தை இரண்டாகப் பிரித்தபோது, அவரது அதிகார எல்லையும் சுருங்கியது. தம் பக்கத்தை வலுப்படுத்த வேண்டி, 372இல் சசீமா என்னும் சிற்றூருக்குத் தம் நண்பரையே ஆயராக்கினார். புழுதியும் வண்டிச் சத்தமும் தவிர வேறொன்றுமில்லாத, தண்ணீரற்ற முச்சந்தி என்று கிரகோரியார் அவ்வூரைப் பற்றி மனம் நொந்து எழுதினார். நட்பைக் கருவியாக்கிவிட்டாரே என்பதுதான் அவரது வேதனை. அவர் அங்கு சென்று பணிபுரியவே இல்லை. அந்நியர் செய்யும் தீங்கைவிட, ஒரே பாயில் படுத்தெழுந்தவன் செய்வது ஆழமாகத் தைக்கும் என்பதை அனுபவித்தோர் அறிவர். பசிலியார் பக்கத்திலும் நியாயமிருந்தது. ஆயினும் நண்பரின் மனத்தை அவர் போதியளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

379இல் பசிலியார் மறைந்தார். நோயுற்றிருந்த கிரகோரியாரால் அடக்கத்திற்குச் செல்ல இயலவில்லை. சில ஆண்டுகள் கழித்துச் செசரியாவிற்குச் சென்று, நண்பரின் மக்கள் முன்னிலையில் நீண்டதொரு நினைவுரை ஆற்றினார். இரு உடல்களில் ஓருயிராக வாழ்ந்தோம் என்றார். அதே உரையில், சசீமாவைப் பொறுத்தவரை மட்டும் அவரைப் புகழ என்னால் இயலாது, காலமும் அவ்வேதனையை ஆற்றவில்லை என்றும் ஒளிக்காது கூறினார். கூறிவிட்டு, புகழுரையைத் தொடர்ந்தார்.

திருச்சபை இன்று அவ்விருவரையும் ஒரே நாளில், ஜனவரி 2ஆம் திகதி, நினைவுகூருகிறது.