கையுறை போட்ட கைக்கு எந்தக் கத்தி?

ஜூஜுவாடிக்கும் கடலுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சிப்காட் பட்டறைகளும், அத்திப்பள்ளி வரை நீளும் லாரி வரிசையும்தான் எங்கள் ஊர். ஆனால் நார்வேயில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் கத்தி வாங்க என்னிடம்தான் யோசனை கேட்டான். அங்கே அவன் ஸ்கூபா டைவிங் போகிறான். "மாமா, தண்ணி அஞ்சாறு டிகிரிதான் இருக்கும். தடிமனான கிளவுஸ் போட்டுட்டா கத்தியை உறையிலிருந்து உருவவே முடியல" என்றான். டூல் ரூமில் காலம் தள்ளிய எனக்கு இது பழக்கமான சங்கடம். லேத்தில் நிற்பவன் கிளவுஸ் போடக் கூடாது. சுழலும் இரும்புத் துண்டு அதைப் பிடித்துக் கையையே இழுத்துவிடும். பேக்கிங் பகுதியிலோ கிளவுஸ் கட்டாயம். கிளவுஸ் போட்ட கையில் கத்தியின் குணமே மாறிவிடுவதை அங்கே நாள்தோறும் பார்க்கலாம்.

கடலடியில் கத்தி சுறாவோடு சண்டை போட அல்ல. அறுந்துபோன வலையும் தூண்டில் நரம்பும்தான் எதிரி. நைலான் நரம்பு தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது; காலிலோ காற்று உருளையின் வால்விலோ சிக்கினால் அறுத்துத்தான் வெளியே வர வேண்டும். மன்னார் வளைகுடாவிலும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் நம் கடல் வெதுவெதுப்பானது, வெறும் கையே போதும். குளிர்கடலில் ஐந்து முதல் ஏழு மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோபிரீன் ரப்பர் கையுறை போடுகிறார்கள். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல்சூட்டை இழுத்துக்கொள்ளும். விரல் தோலின் சூடு 15 டிகிரிக்குக் கீழே போனால் நுணுக்கமான வேலை எதுவும் ஓடாது. ஆக, கையுறை தொடு உணர்வை மறைக்கிறது, மிச்சமிருப்பதைக் குளிர் மரக்கச் செய்கிறது.

அவன் விடுமுறையில் வரும்போது கையுறையையும் கொண்டுவரச் சொன்னேன். பட்டறை வாசலில் ஒரு வாளியில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி, கை மரத்துப்போகும்வரை கையுறையோடு உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கத்தியாக நீட்டினேன். மடக்குக் கத்தி முதலில் தோற்றது. நகத்தால் நெம்பித் திறக்கும் பள்ளம் அதில். கையுறைக்கு நகம் ஏது? அடுத்தது, உருண்டைப் பிடி கொண்டது. நியோபிரீன் அமுங்குவதால் பிடி உள்ளங்கையில் உருண்டது, வெட்டும் பக்கம் எது என்றே அவனுக்குத் தெரியவில்லை. தட்டையான முட்டை வடிவப் பிடியும், விரல் முன்னே வழுக்காதபடி தடுப்பும் இருந்த கத்தியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டே சரியாகத் திருப்பினான். உறையில் சின்னப் பொத்தான் இருந்தால் வேண்டாம். கட்டைவிரல் முழுதாக அழுத்தும் அளவுக்குப் பெரிய பூட்டு வேண்டும். ஒரு கையாலேயே உருவவும் திரும்பச் செருகவும் வர வேண்டும்.

உலோகத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். எவர்சில்வர் என்றாலே துருப்பிடிக்காது என்பது நம் நம்பிக்கை. சமையலறைப் பாத்திரத்தின் 304 ரகம் துருவைத் தாங்கும். ஆனால் எந்த உலையில் வைத்தாலும் பதம் ஏறாது, கூர் நிற்காது. பதம் ஏற கார்பன் வேண்டும். அந்த கார்பன், துருவைத் தடுக்கும் குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் கூர் நன்றாக நிற்கும் 440சி ரகக் கத்தி உப்புநீரில் சீக்கிரம் புள்ளி விழுகிறது. டைட்டானியம் துருவே பிடிக்காது. விலை அதிகம், கூரும் சுமார்தான். எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வைக்க வேண்டும்.

கூர்முனை வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மரத்த கை தடுமாறினால் தண்ணீர் புகாத உலர் உடையில் ஓட்டை விழும், ஐஸ் போன்ற தண்ணீர் உள்ளே புகும். மொட்டை முனை, ஒரு பக்கம் கயிற்றை அறுக்க ரம்பப் பல், இது போதும். கூடவே, வளைவுக்குள் பிளேடு ஒளிந்திருக்கும் கொக்கி வெட்டி ஒன்று கட்டாயம். நரம்பை மாட்டி ஒரு இழுப்பு, அவ்வளவுதான், உடையை வெட்டாது. அதிலும் கையுறை விரல் நுழையும் அகலமான துவாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலுதவிக் கத்தரிக்கோல் மெல்லிய கம்பியைக்கூட வெட்டும், ஆனால் அதன் வளையத்துக்குள் தடித்த விரல் சுலபமாகப் போகாது.

கெண்டைக்காலில் கத்தி கட்டுவது பழைய வழக்கம். சிக்குவதே கால்தான் என்றால் அங்கே குனிந்து எட்டுவது எப்படி? இடுப்பு வாரிலோ மார்பு வாரிலோ, இரண்டு கையும் எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

குளிர்தேசத்தில் கடலுக்குள் இறங்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: படத்தைப் பார்த்து இணையத்தில் கத்தி வாங்காதீர்கள். கையுறையோடு கடைக்குப் போய், கண்ணை மூடி, ஒவ்வொரு கையாலும் தனித்தனியே உருவிப் பார்த்து வாங்குங்கள்.