முற்றத்துப் புல்லுக்கும் பருவம் உண்டு

வீட்டு முன்றலில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் புற்றரை இருக்க வேண்டும் என்ற ஆசை எமது சகோதரிகள் பலருக்கும் உண்டு. பிள்ளைகள் விழுந்தெழும்பி விளையாடலாம். அஸருக்குப் பின் பாய் விரித்து உட்காரலாம். மணலும் வீட்டுக்குள் ஏறாது. ஆனால் புல் பதித்து ஒரு வருடம் போவதற்குள் பாதி கருகி, மீதியில் கோரை முளைத்து நிற்பதையே அதிகம் காண்கிறோம். ஊருக்குப் பொருந்தாத புல்லைத் தெரிவு செய்வதும், எல்லாப் புல்லுக்கும் ஒரே பராமரிப்பைச் செய்வதுமே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

கொழும்பு, களுத்துறை, காலிப் பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை; ஜனவரி, பெப்ரவரியில் வெயில். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றிலோ ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் காற்றும் வரட்சியும். ஆகவே கொழும்பிலுள்ள ராத்தா சொல்லும் மாதக் கணக்கு கல்முனையிலுள்ள தங்கைக்கு உதவாது.

அகன்ற இலையுடைய புல்லைத்தான் நம்மவர் அதிகம் விரும்பிப் பதிக்கின்றனர். மாமர நிழலிலும் தென்னை நிழலிலும் அது நன்றாக வளரும். ஆனால் அதன் தண்டுகள் மண்ணுக்கு மேலேயே ஓடுபவை. மண்ணுக்குள் கிழங்குத் தண்டு இல்லாததால் நீண்ட வரட்சியில் காய்ந்தால் மறுபடி துளிர்ப்பது கடினம். ஈரவலயத்துக்கு ஏற்ற புல் இது. கிழக்கின் திறந்த மணல் முற்றத்துக்கு இதை வாங்குவது வீண் செலவு என்றே சொல்வேன்.

அங்கே அருகம்புல்லே கைகொடுக்கும். அது நிழலில் மெலிந்துபோகும், வெயிலிலோ செழிக்கும். கச்சான் காலத்தில் வைக்கோல் நிறமானாலும் மண்ணுக்குள் உள்ள தண்டு உயிரோடிருக்கும். மழை விழுந்ததும் மீளும். பழுப்பைக் கண்டு பயந்து கிணற்றை இறைத்துக் கொட்ட வேண்டியதில்லை. கடற்கரையை ஒட்டிய வீடுகளுக்கு, உப்பைத் தாங்கும், ஊசிபோல் மெல்லிய இலையுள்ள சொய்சியா புல்லும் நல்லது. அது மெதுவாகப் பரவுவதால் முதல் வருடம் பொறுமை வேண்டும்; பிறகு வெட்டும் வேலை குறைவு. நுவரெலியா போன்ற குளிர்ந்த மலையூர்களில் கென்யா நாட்டு இனமொன்றின் பெயரைக் கொண்ட கிக்குயு புல் தானாகவே அடர்ந்து வளரும். அதைப் பூப்பாத்திக்குள் நுழையாமல் தடுப்பதுதான் அங்கே பெரிய வேலை.

வெட்டும்போது ஒரு தடவையில் இலையின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அருகும் சொய்சியாவும் ஓர் அங்குல உயரம் இருந்தால் போதும். அகன்ற இலைப் புல்லை இரண்டு அங்குலத்துக்குக் கீழே இறக்க வேண்டாம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வெட்ட நேரலாம். வெயில் காலத்தில் சற்று உயரமாக விட்டால் மண்ணின் ஈரம் காக்கப்படும். பெற்றோல் இயந்திரத்தால் வெட்டும்போது கல் தெறித்துக் கண்ணில் படலாம். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். கோரையை மேலே வெட்டிப் பயனில்லை. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கிழங்கோடு கிண்டியெடுக்க வேண்டும், அதுவும் பலமுறை.

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். 100 சதுர அடிப் புல்லுக்கு ஓர் அங்குல ஆழம் நீர் விடுவதென்றால் சுமார் 240 லீற்றர் தேவை. பத்து லீற்றர் வாளியால் 24 வாளி! 500 சதுர அடி முற்றத்துக்கு வாரம் 120 வாளி. வரட்சியில் கிணறு அடியைத் தொடும் ஊரில் இது வீட்டுப் பெண்களின் முதுகில் விழும் சுமை. ஆகவே பதிக்கும்போதே அளவைச் சுருக்கிக்கொள்வது புத்தி. தினமும் மேலாகத் தெளிப்பதைவிட வாரம் இரு தடவை, சுபஹுக்குப் பின் வெயில் ஏறுமுன், ஆழமாக நனைப்பது வேரைக் கீழே இறக்கும். நடந்த காலடித் தடம் நிமிராமல் கிடந்தால் புல்லுக்குத் தாகம் என்று அறியலாம். வுழூ செய்யும் இடத்து நீரில் சவர்க்காரம் கலப்பதில்லை; ஒரு சிறு வாய்க்காலால் அதைப் புல்லுக்குத் திருப்பிவிடலாம்.

உரத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். யூரியா இடுவதானால் 100 சதுர அடிக்கு 90 கிராமுக்கு மேல் வேண்டாம். மழைக்காலத் தொடக்கத்தில், இலை காய்ந்திருக்கும்போது தூவி உடனே நீர் தெளிக்க வேண்டும். வரட்சியில் இட்டால் புல் கருகும். அடைமழைக்கு முன் இட்டால் கரைந்து கீழே போய்விடும். மணல் நிலத்தில் அது போய்ச் சேருவது பெரும்பாலும் நமது கிணற்றுக்குத்தான். கற்பிட்டியில் பயிர்களுக்கு இட்ட உரத்தால் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடியிருப்பது ஆய்வுகளில் தெரியவந்த விடயம். ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த நீரில் மா கரைத்துப் பால் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணவேண்டாம். நீர் வற்ற வற்ற நைத்திரேற்றின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

ஆகையால் கிணறும் புல்லும் ஒரே வளவில் உள்ள வீடுகளில் சலித்த கூட்டெருவே மேல். இரசாயன உரம் தடைசெய்யப்பட்ட 2021ஆம் ஆண்டில் அதைத் தயாரிக்கப் பழகிய வீடுகள் பல. வெட்டிய குறும்புல்லை அப்படியே விட்டாலும் அது உக்கி நைதரசனைத் திருப்பித் தரும். வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருந்தால், கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.