புதுக்கவிதையும் பொது அவையும்

“புதுக்கவிதை புரிவதில்லை” என்னும் குறையை ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் அடிக்கடி கேட்கின்றோம். குறை கவிஞருடையதா, கேட்பவருடையதா என்று வழக்காடுவதைவிட, இருவருக்கும் இடையே மொழி என்ன செய்கிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

1887இல் சதாசிவப் பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’ இங்கே அச்சேறியது. அந்தாதியில் ஒரு பாடலின் முடிவே அடுத்த பாடலின் தொடக்கம். எதுகையும் மோனையும் உடன்வரும். பாடலை நினைவில் நிறுத்தச் செவியே துணைநின்றது. க.து.மு. இக்பால் வானொலிக்கு எழுதிய சிறுவர் பாடல்களும் ஓசையின் துணையோடுதான் இல்லங்களுக்குள் சென்றன. புதுக்கவிதை யாப்பைத் துறந்தது. அதற்கு ஈடாக அது சொல்வரிசையையும் வரிமுறிவையும் கையாளுகிறது. இதனை உணர்த்தாமல் பொருளுரை மட்டும் கூறினால், கவிதை வெறும் செய்தியாகிவிடும்.

ஓர் எளிய தொடரைக் காண்போம்: “பேருந்து நிறுத்தத்தில் ஒரு குடை நனைந்தபடி நின்றது.” இது செய்தி. இதனையே மூன்று வரிகளாக்குவோம்:

பேருந்து நிறுத்தத்தில் நனைந்தபடி
நின்றது
ஒரு குடை

முதல் வரியைக் கேட்டவுடன் மழையில் நனையும் ஒரு மனிதரை மனம் கற்பனை செய்கிறது. “நின்றது” என்னும் வினைமுற்றின் அஃறிணை விகுதி அக்கற்பனையை அசைக்கிறது. எழுவாய் இறுதியில் வரும்போது, நனையாமல் காக்க வேண்டிய பொருளே நனைகிறது என்று அறிகிறோம். வேற்றுமை உருபும் வினை விகுதியும் உறவைக் காட்டுவதால், தமிழில் சொற்கள் இடம் மாறினும் பொருள் கெடுவதில்லை. வகுப்பில் திணை, பால் என்று நாம் கற்பிக்கும் இலக்கணமே இங்குக் கவிதையை இயக்குகிறது.

ஆங்கிலத்தில் எழுவாய் பெரும்பாலும் வினைக்கு முன்னே வந்துவிடும். வினையில் திணை காட்டும் விகுதியும் இல்லை. ஆகவே மொழிபெயர்ப்பை முதலில் வாசித்தால், தமிழ் மறைத்து வைத்ததை முன்கூட்டியே வெளிப்படுத்திவிடுவோம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டு இந்தியர்களில் ஏறத்தாழப் பத்தில் ஆறு பேர் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுகின்றனர். மொழிபெயர்ப்பின்றி அவர்களை அடைதல் கடினம். மொழிபெயர்ப்பு மட்டுமே போதும் என்றாலோ, தமிழ்க் கவிதை அவர்களுக்கு எட்டாமலே போகும்.

அவ்வாறாயின் வழி யாது? முதலில் தமிழில், வரிமுறிவுதோறும் சற்றே நிறுத்தி வாசித்தல் வேண்டும். விளக்கம் கூறாமல் மீண்டும் ஒருமுறை வாசித்தல் வேண்டும். பின்னர், “பொருள் என்ன?” என்று கேளாமல், “எந்தச் சொல் உங்களிடம் தங்கியது?” என்று கேட்டல் நன்று. மொழிபெயர்ப்பு அதன்பின் வரலாம். லண்டன் சுரங்க ரயில்களில் 1986 முதல் கவிதைகள் இடம்பெற்று வருகின்றன. பயணி ஒருவர் அங்கே உரையாசிரியர் இன்றியே கவிதையைச் சந்திக்கிறார். குறுகிய கவிதையும் மறுவாசிப்புக்கான நேரமும் அவருக்குப் போதுமானவை.

கவிமாலை அமைப்பு 2000ஆம் ஆண்டு முதல் இங்குக் கவிஞர்களை ஒன்றுகூட்டி வருகிறது. 2015இல் தொடங்கிய தேசியக் கவிதைத் திருவிழா நான்கு மொழிக் கவிதைகளையும் ஒரே மேடைக்குக் கொணர்ந்தது. மேடைகள் உள்ளன, கேட்கும் பயிற்சியே இனி வளர வேண்டியது. தேக்காவில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு மூன்று வரிகளை நிறுத்தி வாசித்துக் காட்ட ஒரு மாணவரால் இயலுமாயின், அப்பயிற்சி வகுப்பறையைக் கடந்துவிட்டது எனலாம்.